பழைய டெக்கில் புதிய இன்ஜின்: சில வருடங்கள் ஓட்டிய பிறகு எழுதுகிறேன்

புல் வெட்டும் மெஷினில் இன்ஜின் போய்விட்டால் மெஷினையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதுதான் அமெரிக்காவில் வழக்கம். ரிப்பேர் கடையில் கேட்டாலும் பெரும்பாலும் அதே பதில்தான் வரும். மெல்லிய தகட்டில் செய்து, அடியெல்லாம் துருப்பிடித்துப் போன மெஷினுக்கு அந்தப் பதில் சரி. ஆனால் டெக், அதாவது பிளேடை மூடியபடி இன்ஜினைத் தாங்கும் அடி உடம்பு, உறுதியாக இருக்கிற ஒரு மெஷினை இன்ஜினுக்காக மட்டும் கைவிடுவது வீண். 2019 வசந்த காலத்தில் என் பழைய மெஷினில் ஹோண்டா ஜிசிவி160 இன்ஜினை நானே மாற்றிப் பொருத்தினேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. வாங்கிய மாதமே எழுதியிருந்தால் "நன்றாக ஸ்டார்ட் ஆகிறது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. பல குளிர்காலங்களைத் தாண்டிய பிறகுதான் எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று தெரிகிறது.

நாங்கள் இருப்பது நார்த் கரோலினாவில், ராலேக்குப் பக்கத்தில் உள்ள கேரியில். கால் ஏக்கர் மனை. வீடும் கார் நிறுத்தும் இடமும் போக மீதியெல்லாம் புல். டால் ஃபெஸ்க்யூ என்ற வகை. குளிரை விரும்பும் புல் இது. மார்ச் கடைசியில் வேகமெடுத்து, ஏப்ரல், மே மாதங்களில் வாரம் தவறாமல் வெட்ட வைக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயிலில் சோர்ந்து கிடக்கும். செப்டம்பரில் விதை தூவினால் நவம்பர் வரை மறுபடி வளரும். 3 அங்குலத்துக்குக் கீழே வெட்டினால் கோடையில் கருகிவிடும் என்பதால் நான் எப்போதும் அதற்குச் சற்று மேலே வைத்துத்தான் வெட்டுகிறேன். மண், களிப்பான செம்மண். மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் தூளாகப் பறந்து ஏர் ஃபில்டரில் போய் உட்காரும். பின்பக்கம் ஓடையை நோக்கி நல்ல சரிவு. சரிவும் தூசியும் இன்ஜினின் ஆயுளை நேரடியாகத் தீர்மானிப்பவை என்பதால்தான் இவ்வளவு விவரம்.

மெஷின் 21 அங்குலம், தானாக நகரும் வகை, அலுமினிய வார்ப்பு டெக். வேறு மாநிலத்துக்கு வீடு மாறிப் போன ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கியது. அப்போதே இன்ஜினுக்கு வயதாகியிருந்தது. ஆயில் குடிக்கும், ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை விடும். ஒருநாள் சரிவில் ஏறும்போது படாரென்று ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்தது. கிராங்க் கேஸின், அதாவது இன்ஜினின் அடிக்கூட்டின், பக்கவாட்டில் ஓட்டை, டெக் முழுக்க ஆயில். பிஸ்டனையும், பிளேடைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்து சுவரைத் துளைத்துவிட்டிருந்தது.

இந்த வகைச் சின்ன இன்ஜின்கள் பலவற்றில் ஆயில் பம்ப் கிடையாது. அடியில் கிடக்கும் ஆயிலை ஒரு சின்னச் சக்கரம் சுழன்று மேலே வாரி இறைக்கும், அவ்வளவுதான். அலுமினியக் கனெக்டிங் ராடு தனி பேரிங் எதுவும் இல்லாமல் நேராகக் கிராங்கின் மேலேயே ஓடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டும். ஆயில் குறைவாக இருந்து, மெஷினும் சாய்ந்து நின்றால், இருக்கிற ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். படலம் அறுந்தால் ராடு கிராங்கைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த சுற்றில் உடையும். சரிவான மனை உள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் வெட்டுவதற்கு முன் ஆயில் குச்சியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்ஜின் மாற்றலாம் என்று முடிவெடுப்பதற்கு முன் ஒன்று. ஸ்டார்ட் ஆகாத இன்ஜின் எல்லாம் செத்த இன்ஜின் இல்லை. பிளேடு மரவேரிலோ கல்லிலோ மோதி மெஷின் நின்றுவிட்டால், பல நேரம் ஃப்ளைவீலுக்கும் (இன்ஜினின் மேலே சுழலும் கனமான சக்கரம்) கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் இருக்கும் கீ என்ற சின்ன உலோகத் துண்டு மட்டும்தான் அறுந்திருக்கும். மென்மையான உலோகத்தில் செய்தது அது. கீ அறுந்ததும் ஃப்ளைவீல் கொஞ்சம் திரும்பிவிடும், ஸ்பார்க் வர வேண்டிய நேரம் தப்பிவிடும். கயிறு கையைப் பிடுங்குவதுபோல் திரும்ப இழுக்கும், இன்ஜின் பிடிக்காது. சில டாலர் கீ ஒன்றை மாற்றினால் சரியாகிவிடும். கார்புரேட்டரில் அழுக்கு, செத்த இக்னிஷன் காயில், கிழிந்த டயஃப்ரம் எல்லாமே இன்ஜினை ஸ்டார்ட் ஆகாமல் செய்யும்.

ஆனால் மோதலில் கிராங்க் ஷாஃப்ட் வளைந்துவிட்டால் கதை வேறு. அதைப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. முதலில் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவைத்துவிட வேண்டும். பெட்ரோலையும் வடித்துவிட்டு, மெஷினைச் சாய்த்து, பிளேடைக் கழற்றி, ஒருவர் கயிற்றை மெதுவாக இழுக்க இன்னொருவர் ஷாஃப்ட்டின் முனையைப் பார்க்க வேண்டும். முனை ஒரே இடத்தில் நின்று சுழன்றால் நல்லது. வட்டம் போட்டால் வளைந்துவிட்டது என்று அர்த்தம். வளைந்த ஷாஃப்ட்டைச் சுத்தியால் அடித்து நிமிர்த்தும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதன் நுனியில் நிமிடத்துக்கு மூவாயிரம் முறை சுற்றுவது ஒரு கத்தி.

சரி, இன்ஜினை எப்படித் தேர்ந்தெடுப்பது? குதிரைத்திறனை வைத்துத் தேட ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு காலத்தில் மெஷின் மேல் ஒட்டியிருந்த குதிரைத்திறன் எண்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்று அமெரிக்காவில் பெரிய வழக்கே நடந்தது. 2010-இல் அது சமரசத்தில் முடிந்தது. இப்போதெல்லாம் சிசி-யும் (சிலிண்டரின் கொள்ளளவு) டார்க்கும்தான் (சுழற்றும் விசை) பெரிதாக அச்சிடுகிறார்கள். ஜிசிவி160-க்கு 160 சிசி. 21 அங்குல மெஷினுக்கு இது தாராளமாகப் போதும். ஈரமான மே மாதப் புல்லைக் கொஞ்சம் நிதானமாக நடந்து வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையான வேலை வாங்குவதற்கு முன்பே நடக்கிறது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணா இருக்கிறார். கோயம்புத்தூரில் பம்ப்செட் தொழிலில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது மகள் வீட்டோடு வந்து தங்கியிருப்பவர். உடைந்த இன்ஜினைக் காட்டியபோது அவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. "தம்பி, ஷாஃப்ட்டை அளக்காம இன்ஜினுக்குப் பணம் கட்டிடாதீங்க. அதுல தப்பினா எல்லாமே தப்பிரும்" என்றார். வெர்னியர் காலிபரையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

என்னென்ன அளக்க வேண்டும்? தள்ளு மெஷின்களில் ஷாஃப்ட் கீழ்நோக்கி நிற்கும். அதன் விட்டம் பெரும்பாலும் 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ. சில மெஷின்களில் 25 மி.மீ., பெரிய மெஷின்களில் 1 அங்குலம். 25-க்கும் 25.4-க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒன்றின் அடாப்டர் (பிளேடை ஷாஃப்ட்டோடு பிடித்துவைக்கும் பாகம்) இன்னொன்றில் சரியாக உட்காராது. அடுத்தது நீளம். இன்ஜின் டெக்கில் உட்காரும் மட்டத்திலிருந்து ஷாஃப்ட் நுனி வரை அளக்க வேண்டும். என்னுடையது 3 5/32 அங்குலம், ஏறத்தாழ 80 மி.மீ. நீளம் கூடினால் பிளேடு டெக்குக்கு வெளியே தொங்கும், குறைந்தால் டெக்கின் உட்புறத்தில் உரசும். தானாக நகரும் மெஷின் என்றால் பிளேடுக்கு மேலே பெல்ட் ஓடும் புல்லி ஒன்றும் அதே ஷாஃப்ட்டில் இருக்கும். பழைய புல்லி எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் புதிய ஷாஃப்ட்டிலும் அது உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பெல்ட் சாய்ந்து ஓடி ஒரே பருவத்தில் கிழிந்துவிடும். ஷாஃப்ட்டில் கீ உட்காரும் பள்ளத்தின் நீளமும் வடிவமும், நுனியில் போல்ட் ஏறும் மரையும்கூட ஒத்துப்போக வேண்டும்.

பிறகு பிரேக். அமெரிக்காவில் 1982 முதல், கைப்பிடியில் உள்ள கம்பியை விட்டதும் மூன்று விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்பது தள்ளு மெஷின்களுக்கான பாதுகாப்பு விதி. பெரும்பாலான மெஷின்களில் கம்பியிலிருந்து வரும் கேபிள், இன்ஜினின் ஃப்ளைவீலை அமுக்கும் ஒரு பிரேக்கோடு இணைந்திருக்கிறது. எனவே வாங்கும் இன்ஜினிலேயே அந்தப் பிரேக் இருக்க வேண்டும். பழைய கேபிளின் கொக்கி அதில் மாட்ட வேண்டும். சில விலை குறைந்த இன்ஜின்கள் இந்தப் பிரேக் இல்லாமல் வருகின்றன, அவை வேறு வேலைகளுக்கானவை. அதை வாங்கிப் போட்டுவிட்டு "பிளக் ஒயர் வழியாக ஆஃப் பண்ணிக்கலாம்" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். குழந்தைகள் ஓடியாடும் தோட்டத்தில் அது கூடவே கூடாது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஜிசிவி160 என்று பெட்டியில் இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்கக் கூடாது. மாடல் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளும் எண்களும்தான் ஷாஃப்ட் அளவு, பிரேக் உண்டா, சோக் கையால் இழுப்பதா தானியங்கியா, வேகம் கேபிளில் மாறுமா நிலையானதா என்பதையெல்லாம் தீர்மானிக்கின்றன. விற்பவரின் பக்கத்தில் அந்த முழு எண்ணையும் பார்த்து, ஒவ்வொரு அளவையும் என் தாளோடு ஒப்பிட்ட பிறகுதான் வாங்கினேன். ஒரு மாலை முழுக்க அதற்கே போனது. மொத்த வேலையிலும் பயனுள்ள நேரம் அதுதான்.

பொருத்துவது ஒரு சனிக்கிழமை வேலை. பிளக் ஒயர் கழற்றல், பெட்ரோல் வடித்தல், ஆயில் வடித்தல். பிளேடு போல்ட் பல வருடத் துருவில் இறுகியிருந்தது. துரு இளக்கும் ஆயிலை முந்தின இரவே அடித்துவைத்து, பிளேடு திரும்பாமல் இருக்க டெக்குக்கும் அதற்கும் இடையில் ஒரு கட்டையைக் கொடுத்து, நீளமான கைப்பிடி போட்ட ஸ்பேனரால் திருப்பினோம். போல்ட் வந்துவிட்டது, அடாப்டர் வரவில்லை. ஷாஃப்ட்டோடு ஒட்டிப் போயிருந்தது. இங்கே சுத்தியால் அடிக்க வேண்டாம், அடாப்டர் உடையும். மூன்று கால் புல்லர் ஒன்றை உதிரிபாகக் கடையில் வாடகைக்கு வாங்கிவந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியதும் டக்கென்று கழன்றது. கீழே பெல்ட்டைக் கழற்றி, இன்ஜினைப் பிடித்திருந்த மூன்று போல்ட்டை எடுத்ததும் பழைய இன்ஜின் கையோடு வந்துவிட்டது.

டெக்கை அப்போதுதான் முழுசாகப் பார்க்க முடிகிறது. காய்ந்த புல் ஒரு அங்குலக் கனத்துக்கு அப்பியிருந்தது. எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவி, போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. விரிசல் இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். இன்ஜின் மாற்றுவதற்கான ஒரே காரணம் டெக்தான்.

புதிய இன்ஜினின் மூன்று துளைகளும் பழைய துளைகளோடு சரியாக ஒத்துப்போயின. சைலன்சர் திசை மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது, ஆனால் எதிலும் இடிக்கவில்லை. கயிற்றுப் பிடி வரும் இடமும் மாறியதால் கைப்பிடியில் இருந்த கயிற்று வளையத்தைச் சற்று மேலே நகர்த்தினேன். ஷாஃப்ட்டில் இறுகாமல் இருக்க ஆன்ட்டி சீஸ் பசையைத் தடவி, புதிய கீ போட்டு, அடாப்டரும் புல்லியும் ஏற்றி, தீட்டிச் சமன் பார்த்த பிளேடை மாட்டி, மெஷினின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். சமன் பார்க்கச் சுவரில் ஒரு ஆணி போதும். நடுத்துளையை ஆணியில் மாட்டினால் எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தீட்ட வேண்டும். சமனில்லாத பிளேடின் அதிர்வு, புதிய இன்ஜினின் ஆயில் சீலைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

புதிய இன்ஜின் ஆயில் இல்லாமல்தான் வரும். பெட்டியிலேயே பெரிய எழுத்தில் எச்சரிக்கை இருக்கிறது. ஜிசிவி160-க்கு எஸ்ஏஇ 10டபிள்யூ-30, காலி இன்ஜினுக்கு 0.55 லிட்டர். பின்னாளில் ஆயில் மாற்றும்போது உள்ளே கொஞ்சம் மிச்சம் நிற்கும் என்பதால் அவ்வளவு பிடிக்காது. குச்சியைப் பார்த்து நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஸ்டார்ட் ஆனதும் நான் செய்த முதல் வேலை வேகத்தை அளந்தது. பிளக் ஒயரைச் சுற்றி ஒரு கம்பியைச் சுற்றினால் எண் காட்டும் சின்ன டாகோமீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. இதை ஏன் இவ்வளவு முக்கியமாகச் சொல்கிறேன் என்றால், இன்ஜினுக்குத் தன் நுனியில் எவ்வளவு நீளமான பிளேடு மாட்டியிருக்கிறது என்று தெரியாது. அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்தின்படி பிளேடு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது. விநாடிக்கு ஏறத்தாழ 96 மீட்டர். 21 அங்குல பிளேடு 3,100 சுற்றில் ஓடினால் நுனி நிமிடத்துக்குச் சுமார் 17,000 அடி போகும், வரம்புக்குள். அதே பிளேடு 3,600 சுற்றில் ஓடினால் 19,800 அடியை நெருங்கிவிடும், வரம்புக்கு வெளியே. தனியாக விற்கும் சில இன்ஜின்கள் 3,600-க்கு வைக்கப்பட்டே வருகின்றன. "புது இன்ஜின் செம வேகமா வெட்டுது" என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது பிளேடு தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கலாம். என்னுடையது 3,000-க்குச் சற்று மேலே நின்றது. வேகத்தை நிலையாக வைக்கும் கவர்னரைத் தொட வேண்டியிருக்கவில்லை.

இனி இத்தனை வருட அனுபவம்.

முதல் ஆயிலை ஐந்து மணி நேர ஓட்டத்தில் மாற்றச் சொல்கிறது கையேடு. மாற்றினேன். வடிந்த ஆயிலில் வெள்ளித் தூள் மினுமினுத்தது. புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் அலுமினியம் அது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. இந்த இன்ஜினில் ஆயில் ஃபில்டர் கிடையாது. இரண்டாவது முறை மாற்றியபோது மினுமினுப்பு இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும், செப்டம்பரில் விதை தூவும் முன்பும் மாற்றுகிறேன். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்கிறது கையேடு. சரிவையும் தூசியையும் நினைத்து நான் முன்கூட்டியே மாற்றுகிறேன். இன்றுவரை இரண்டு மாற்றத்துக்கு நடுவில் ஆயில் ஊற்ற வேண்டி வந்ததில்லை. பழைய இன்ஜினைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இது பெரிய நிம்மதி.

ஸ்டார்ட் ஆவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பருவத்தின் நடுவில் முதல் இழுப்பு, குளிர்காலம் தாண்டிய முதல் நாளில் சில இழுப்பு. பிளக் என்ஜிகே பிபிஆர்6இஎஸ், இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கிறது.

2021 வசந்தத்தில் மட்டும் ஒரு தொல்லை வந்தது. இன்ஜின் ஓடும், ஆனால் சத்தம் ஏறி இறங்கும், ஏறி இறங்கும். இதை முதன்முதலில் கேட்பவர்கள் கவர்னர் போய்விட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம் பெட்ரோல்தான். இங்கே பங்க்கில் சாதாரணமாகக் கிடைப்பது 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் கார்புரேட்டரில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒரு படிவத்தை விட்டுவிட்டுப் போகும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் பைலட் ஜெட்டில் உள்ள துளை மயிரிழை அளவுதான். அது பாதி அடைபட்டாலே பெட்ரோல் குறைந்து காற்று கூடிவிடும். வேகம் சரியும், கவர்னர் திறக்கும், வேகம் ஏறும், கவர்னர் மூடும். அதுதான் அந்த ஏற்ற இறக்கம். மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டுகளைக் கிளீனரில் ஊறவைத்து, ஊதிச் சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. உள்ளே கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிட்டால் பிறகு கார்புரேட்டரையே மாற்ற வேண்டும்.

அதிலிருந்து எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு மாறிவிட்டேன். நார்த் கரோலினாவில் சில பங்க்குகளில் தனிக் குழாயில் கிடைக்கிறது, விலை கூடுதல். ஒரு பருவத்துக்கு இந்த மெஷின் குடிப்பது சில கேலன்தான் என்பதால் அந்தக் கூடுதல் பணம் ஒரு பொருட்டே இல்லை. நவம்பரில் கடைசியாக வெட்டியதும் டேங்க்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வைக்கிறேன். சத்தம் ஏறி இறங்கும் தொல்லை அதன் பிறகு வரவில்லை. ஒன்று கவனம்: 15 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல் இப்போது பல இடங்களில் வந்துவிட்டது. அதைச் சின்ன இன்ஜின்களில் ஊற்றக் கூடாது. பங்க் குழாயில் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும்.

யாரும் சொல்லித்தராத இன்னொரு விஷயம் எலி. குளிர்காலத்தில் ஷெட்டில் நிற்கும் மெஷினின் மேல் மூடிக்குள், ஃப்ளைவீலைச் சுற்றி, எலி கூடு கட்டும். இலை, பஞ்சு, காகிதத் துண்டு எல்லாம் சிலிண்டரின் குளிர்விக்கும் துடுப்புகளுக்கு நடுவில் அடைந்துகொள்ளும். அப்படியே ஸ்டார்ட் செய்து ஓட்டினால் காற்று போக வழியில்லாமல் இன்ஜின் கொதித்துப் போகும். ஒவ்வொரு வசந்தத்திலும் மேல் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத்தான் முதல்முறை கயிற்றை இழுக்கிறேன். காகித ஏர் ஃபில்டரையும் அப்போதே மாற்றிவிடுகிறேன். வறண்ட ஆகஸ்டுக்குப் பிறகு செம்மண் ஏறியிருந்தால் நடுவிலும் ஒருமுறை. அப்புறம், அடியைக் கழுவவோ பிளேடைக் கழற்றவோ மெஷினைச் சாய்க்கும்போது கார்புரேட்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் போய்விடும்.

புதிய இன்ஜின் போட்ட பிறகு தேய்ந்தவை எல்லாம் பழைய மெஷினின் மிச்ச பாகங்கள்தான். இது இன்ஜின் மாற்றுபவர்கள் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய செலவு. பழைய இன்ஜின் பலமில்லாமல் ஓடியபோது பெல்ட்டுக்கு வேலை குறைவு. புதிய இன்ஜின் முழு பலத்தோடு இழுத்ததும் பெல்ட் அடுத்த வருடமே போனது. பிறகு தானாக நகர்த்தும் கேபிள். பிறகு சக்கரத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் வழுக்க ஆரம்பித்தன, அதை மாற்றினேன். எல்லாமே தனித்தனியாகக் கிடைத்தன, எதுவும் பெரிய விலை இல்லை. மெஷினின் உதிரிபாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா என்று இன்ஜின் வாங்குவதற்கு முன்பே தேடிப் பார்த்துவிடுவது நல்லது. டெக் உறுதியாக இருந்து, சக்கரம் கிடைக்காமல் போனால் என்ன பயன்?

பணக் கணக்கு: இன்ஜினுக்கு அப்போது சுமார் 230 டாலர். கீ, போல்ட், ஆயில், பசை எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு 30. அலுமினிய வார்ப்பு டெக்கோடு அதே தரத்தில் புதிய மெஷின் அன்றைக்கு அறுநூறு டாலருக்கு மேலே இருந்தது. ஒரு கடையில் இன்ஜின் மாற்றக் கூலி கேட்டபோது, இன்ஜின் விலையோடு சேர்த்தால் புதிய மெஷினை எட்டிவிட்டது. ஆகவே இது சொந்தமாகச் செய்தால் மட்டுமே கட்டுப்படியாகும். கூலி கொடுத்துச் செய்வதானால் வேண்டாம்.

ஜிசிவி160-இல் எனக்கு இருக்கும் ஒரே தயக்கம் அதன் கட்டுமானம் பற்றியது. சிலிண்டரும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. ஹெட்டை மட்டும் தனியாகக் கழற்றி வால்வு வேலை பார்க்க முடியாது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை ஓட்டும் பெல்ட் உள்ளேயே ஆயிலில் நனைந்தபடி ஓடுகிறது. எடை குறைய, சத்தம் குறைய அது உதவுகிறது. ஆனால் என்றைக்காவது உள்ளே ஒன்று போனால் பிரித்து மேய்கிற இன்ஜின் இல்லை இது. தினமும் பல வீடுகளுக்குப் போய் வெட்டுகிற தொழில்காரர்கள் சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவும் (உறை) தனி ஹெட்டும் உள்ள ஜிஎக்ஸ்வி160 மாதிரி இன்ஜினுக்குப் போகலாம். விலை நன்றாகவே கூடும். ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு அது தேவையில்லை.

பேட்டரி மெஷின் பற்றிக் கேட்பவர்களுக்கு: சின்ன மனை, சமதளம், இப்போது கையில் மெஷின் எதுவும் இல்லை என்றால் பேட்டரியே வாங்குங்கள். பெட்ரோல் தொல்லை, கார்புரேட்டர் தொல்லை எதுவும் கிடையாது. கலிபோர்னியாவில் 2021-இல் வந்த சட்டத்தின் விளைவாக, 2024 மாடலிலிருந்து புதிய பெட்ரோல் மெஷின்களின் விற்பனைக்கே வழி அடைந்துவிட்டது. ஹோண்டாவும் 2023 செப்டம்பரோடு பெட்ரோல் புல் வெட்டும் மெஷின் தயாரிப்பை நிறுத்தியது. எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத் தூரத்தில் ஸ்வெப்ஸன்வில் என்ற இடத்தில்தான் ஹோண்டாவின் அந்தத் தொழிற்சாலை இருக்கிறது. 1984-இலிருந்து மெஷின் செய்த இடம், ஜிசிவி இன்ஜின்களும் அங்கே செய்யப்பட்டவைதான். நான் போட்ட இன்ஜின் இந்த மாநிலத்து ஆட்களின் கைவேலை என்பதில் எனக்கு ஒரு தனிப் பிடிப்பு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. மெஷின் நின்றாலும் இன்ஜின்களும் உதிரிபாகங்களும் இன்னும் விற்கப்படுகின்றன.

இப்போது இன்ஜின் தேடுபவர்களுக்குக் கடைகளில் பெரும்பாலும் கண்ணில் படுவது ஜிசிவி160-க்குப் பின் வந்த ஜிசிவி170. அது 166 சிசி. ஷாஃப்ட், பிரேக், கேபிள் எல்லாவற்றையும் மேலே சொன்னபடியே முழு மாடல் எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். ஆயில் கொள்ளளவு அதற்கு 0.4 லிட்டர்தான். ஜிசிவி160 பழக்கத்தில் 0.55 ஊற்றிவிட்டால் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதே வெள்ளைப் புகை கக்கும். அப்படி ஆனால் இன்ஜினைத் திருப்பி அனுப்ப வேண்டாம். குச்சியில் மேல் கோடு வரை ஆயிலை எடுத்துவிட்டு, ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் மாற்றிவிட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டால் புகை தானாக அடங்கிவிடும்.